நிலுக்ஷி எத்தனை கிலோ?

நேசராணியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. கொஸ்லந்தைக்கு மேலே, நீட்டுப்பாறைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் பிள்ளை மடுவத்தைப் பதினோரு வருடமாக நடத்தி வருகிறாள். காலை ஆறரைக்குக் கதவைத் திறப்பாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள்; நாலரைக்கு வந்து தூக்கிப் போவார்கள். இடையில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் கை கழுவி, சோறூட்டி, எழுத்துக் காட்டி, பாட்டுச் சொல்லி, தூங்க வைக்க வேண்டும். இதை அவள் நன்றாகச் செய்கிறாள். மிக நன்றாக என்று சொல்ல, அவள் பாடிக் கேட்காதவர்களால்தான் முடியும்.

அவளுக்கு ஒரு பலவீனம் உண்டு. செய்தி எழுதுவது. மாதம் முடிந்ததும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், மூன்று நிறப் பேனாக்களால் 'மடுவத்துச் செய்தி' என்று தலைப்பிட்டு எழுதி, கொழுந்து நிறுக்கும் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிடுவாள். தாய்மார் எல்லாரும் நாளுக்கு மூன்று தடவை சாக்கோடு நிற்கும் இடம் அதுதான். போன வருடக் கடைசியில் வந்த செய்தி இப்படி இருந்தது:

"இம்மாதம் நகம் வெட்டாமல் வந்தோர் நால்வர். பெயர் சொல்ல மாட்டோம். அவர்களுக்கே தெரியும். பேன் வாரம் வெற்றிகரமாக முடிந்தது. பேன்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கொதிக்க வைக்காத தண்ணீரைப் போத்தலில் அனுப்பி, கொதிக்க வைத்தது என்று சொல்லும்படி பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பிள்ளை இரண்டையும் சொல்லிவிடுகிறது."

இவ்வளவோடு நின்றிருந்தால் கதை இல்லை. அந்தச் சுவரில் அவளுடைய தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாளும் இருக்கும். அந்த மாதம் அதிகமாகக் கொழுந்து பறித்த ஐந்து பேரின் பெயர். பெண்கள் அந்தத் தாளின் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள் என்பதை நேசராணி கவனித்தாள். தை மாதத் தாளில் புது அறிவிப்பு வந்தது: "கூட எடை ஏறும் பிள்ளைக்கு முதலிடம். பரிசு உண்டு."

எதையாவது அளந்து பட்டியல் போட்டதும் மனிதர்கள் அந்தப் பொருளை மறந்துவிட்டு அளவைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். நேசராணி இதை யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் எழுதியிருப்பாள்; சிவப்புப் பேனா புதிதாக வாங்கியிருந்தாள்.

மாதம் ஒரு முறை பிள்ளைகளை நிறுக்கிற வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே மலை பனிமூட்டத்துக்குள் போய்விட்டது. பிள்ளைகளின் உதடு நீலம் பாரித்திருந்தது. சட்டையைக் கழற்றச் சொல்ல நேசராணிக்கு மனம் வரவில்லை.

"கம்பளிச் சட்டையோடயே இருக்கட்டும். உடுப்புக்கு முன்னூறு கிராம் கழிச்சுக்கிறேன்" என்று முதல் நாளே தாய்மாரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

கழிக்கிறேன் என்ற சொல் கொழுந்து பறிப்பவர் காதில் வேறு மாதிரி விழும். கொட்டகையில் சாக்கைத் தராசில் மாட்டியதும் ரெங்கசாமி கங்காணி சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று கழித்துவிட்டுத்தான் எடையைக் கூவுவார். மழை நாளில் ஈரம் இன்னும் கூடும். அவர் கழித்தது சரியா என்று யாரும் கேட்பதில்லை. தராசின் முகம் அவர் பக்கம் திரும்பியிருக்கும். மடுவத்திலும் அதே மாதிரி வட்டத் தராசுதான் உத்தரத்தில் தொங்கியது. சாக்குக்குப் பதிலாகத் துணியில் தைத்த கால்சட்டை; பிள்ளையை அதில் இறக்கி மாட்டுவார்கள். ஆகவே டீச்சரும் கழிக்கப் போகிறாள் என்ற சேதி ஒரே மாலையில் மூன்று லயத்து வீடுகளையும் சுற்றி வந்தது.

வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு பிள்ளைகளில் இருபத்தொரு பேருக்கு எடை கூடியிருந்தது. நேசராணி பூரித்துப் போனாள். தான் காய்ச்சிக் கொடுத்த பயற்றங்கஞ்சியின் மகிமை என்று நினைத்தாள். மூன்றரை வயது நிலுக்ஷி ஒரே மாதத்தில் பன்னிரண்டு ஒன்றிலிருந்து பதின்மூன்று இரண்டுக்குத் தாவியிருந்தாள். அடுத்த நாளே சிவப்புப் பேனாவில் பெயர் ஏறியது: முதலிடம், விஜயலெட்சுமி மகள் நிலுக்ஷி. பரிசு, மஞ்சள் டப்பாவில் ஒரு வாசனைக் குளியல் சவர்க்காரம்.

விஜயலெட்சுமி ஒன்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். பக்கத்துத் தாளில் ஒரு முறைகூட அவள் பெயர் வந்ததில்லை. அன்று சாக்கை இறக்கி வைத்த பிறகும் சுவரை விட்டு நகரவில்லை.

"என்னா விஜயா, ஒன் மக தராசுல ஜெயிச்சுட்டாளாமே" என்றார் ரெங்கசாமி கங்காணி.

"ஒங்க தராசுல தொங்கவிட்டிருந்தா பத்துக் கிலோன்னு கூவியிருப்பீங்க கங்காணி" என்றாள் விஜயலெட்சுமி. வரிசையே சிரித்தது. கங்காணியும் சிரித்தார். கழித்ததை மட்டும் திருப்பித் தரவில்லை.

செவ்வாய்க்கிழமை வெயில் வந்தது. பிள்ளைகள் வெளியே சீசோ பலகையில் ஏறினார்கள். ஒரு முனையில் நிலுக்ஷி, மறு முனையில் பன்னிரண்டரைக் கிலோகூட எட்டாத ஜோன்சன். முதலிடம் பெற்றவள் விர்ரென்று மேலே போய் அங்கேயே நின்றாள். ஜோன்சன் கீழே உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். நேசராணி பலகையின் அச்சைக் குனிந்து பார்த்தாள். பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைத்தாள். அப்போதும் நிலுக்ஷிதான் ஆகாயத்தில்.

"கண்ணு, வெள்ளிக்கெழம காலையில என்னாடி சாப்ட்ட?"

"உருளக்கெழங்கு."

"எத்தன சாப்ட்ட?"

"சாப்புடல டீச்சர். சட்டப் பையில போட்டாங்க." நாலு விரலைக் காட்டினாள். "அப்புறம் பூட்டு."

"பூட்டா?"

"வூட்டுப் பூட்டு. தொறப்பு அம்மாகிட்ட."

மற்றப் பிள்ளைகளுக்கு இது பெருமைக்குரிய விஷயமாகத் தெரிந்தது. ஓடி வந்தார்கள். "டீச்சர், எனக்குக் கல்லு!" "எனக்கு ரெண்டு செம்பு தண்ணி! நா மூத்தரமே போவல!" "எனக்கு அப்பாவோட பெல்ட்டு!" ஜோன்சன் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்கு மட்டும் ஒண்ணுமே போடல" என்று ஓவென்று அழத் தொடங்கினான்.

நேசராணி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு நிலுக்ஷியை உள்ளே தூக்கிப் போய், கம்பளிச் சட்டையைக் கழற்றி, தராசில் இறக்கினாள். பதினொன்று ஆறு. இன்னொரு தடவை மாட்டினாள். பதினொன்று ஆறு. ஒரு மாதத்தில் அரைக் கிலோ குறைந்திருந்தது. அப்போதுதான் சில காரியங்கள் ஞாபகம் வந்தன. நாலைந்து நாளாக இந்தப் பிள்ளை மத்தியானச் சோற்றைப் பாதியில் தள்ளி வைக்கிறது. பாட்டு நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்கிறது. எடை கூடிய பிள்ளை என்பதால் அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை.

வியாழக்கிழமை மிட்வைப் ஸைனப் வருவாள். ஐந்து தோட்டத்துக்கு அவள் ஒருத்தி. நேசராணி எழுதி வைத்த எடைகளைப் பிள்ளைகளின் அட்டையில் பதிந்துவிட்டு, குறைந்தவர்களை டாக்டரிடம் அனுப்பச் சீட்டுக் கொடுப்பாள். பதின்மூன்று இரண்டு என்று பதிந்தால் நிலுக்ஷிக்குச் சீட்டு இல்லை. அடுத்த முறை அவள் வர இன்னொரு மாதம் ஆகும்.

மாலையில் விஜயலெட்சுமியைத் தனியாக அழைத்துச் சொன்னாள். அவள் முகம் இறுகிவிட்டது.

"செவத்துல பதிமூணு ரெண்டுன்னு எழுதுனது நீங்கதானே டீச்சர்?"

"நான்தான் விஜயா. ஆனா பூட்டு..."

"நீங்க கழிப்பீங்கன்னுதான் பூட்டப் போட்டேன். எல்லாரும்தான் போட்டாங்க. இப்ப எம் புள்ளைக்கு மட்டும் ஒன்னரக் கிலோ கழிக்கிறீங்க. கங்காணியே இப்புடிக் கழிக்க மாட்டாரு."

"நான் கழிக்கல. புள்ள எளச்சிருக்கா."

"எம் புள்ள நல்லாத்தான் இருக்கா" என்று சவர்க்கார டப்பாவை மேசையில் வைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். புதன்கிழமை நிலுக்ஷி மடுவத்துக்கு வரவில்லை.

நேசராணி அன்று முழுவதும் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான எடையை அவள் பாட்டுக்கு அட்டையில் எழுதிவிடலாம். எழுதினால், நம்பாத தாய் டாக்டரிடம் கூட்டிப் போவாளா? யார் சொல்லும் எண்ணையும் அவள் ஏன் நம்ப வேண்டும்? பிறந்ததிலிருந்து தராசுக்கு முன்னால் நிற்கிற பெண்கள் இவர்கள். முள் நிற்கிற பக்கத்தைப் பார்த்தவர்கள் ஒருவருமில்லை. இந்த யோசனை வந்ததும் நேசராணி நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய தராசின் முகமும் சுவர்ப் பக்கம்தான் திரும்பியிருந்தது. பதினோரு வருடமாக அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

அன்று மாலை கொட்டகைச் சுவரில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளை ஒட்டினாள். நிறம் எதுவும் இல்லை, நீலம் மட்டும்.

"திருத்தம். போன தாளில் வந்த எடைகள் பிழை. முதலிடம், பரிசு எதுவும் இனி இல்லை. பிழை டீச்சருடையது. நாளை ஒன்பது மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் மறுபடி நிறுக்கப்படுவார்கள். மெல்லிய சட்டை போதும். அறையில் நெருப்புச் சட்டி இருக்கும். ஒரு கிராமும் கழிக்கப்படாது. தராசை வாசிக்கப் போவது தாய்மார். டீச்சர் எழுத மட்டும் செய்வார்."

ரெங்கசாமி கங்காணி அதைச் சத்தமாக வாசித்தார். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார். "டீச்சர், நெறுவய அவுங்களே வாசிக்கிறதா? இந்தப் பழக்கம் கொட்டகைக்கும் வந்துச்சுன்னா எங்க கதி என்னாங்க?" ஆனாலும் காலையில் ஒரு மணி நேரம் தாய்மாரை விடுவதாகச் சொன்னார். விஜயலெட்சுமி சுவரைப் பார்க்காமல் கடந்து போனாள். கொஞ்சம் மெதுவாகத்தான் போனாள்.

வியாழக்கிழமை தராசின் முகம் அறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முதலில் யாரும் கிட்டப் போகவில்லை. ஒருத்தி தயங்கித் தயங்கி, "பன்னெண்டும் ரெண்டு கோடும்" என்றாள், பரீட்சையில் பதில் சொல்வது போல. நாலாவது பிள்ளைக்குள் சத்தம் கூரையைத் தொட்டது.

"முள்ளு ஆடுது, நிக்கட்டும்டி!"

"ஏ, தள்ளு, நான் பாக்குறேன். எனக்குத் தூரப் பார்வ நல்லாருக்கு."

"ஈரம்! ரெண்டு கிலோ கழி!" என்று ஒருத்தி கங்காணியின் குரலில் கூவினாள். ஸைனப் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

ஜோன்சனை அவன் அப்பா யாகோப்பு கூட்டி வந்திருந்தார். போன வாரமும் பன்னிரண்டு நாலு, இன்றும் பன்னிரண்டு நாலு. "எங்க வூட்டுல எப்பவுமே நேர்மைங்க" என்றார்.

"நேர்மையாம்! நெறுக்குற நாளயே மறந்துட்டு வந்த மனுசன்" என்றாள் பக்கத்து லயத்துப் பெண்.

இருபத்தொரு பிள்ளைகள் முடிந்தன. இரண்டு பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதப்பட்டது. ஸைனப் புத்தகத்தை மூடினாள்.

"டீச்சர், நான் கீழ் டிவிசனுக்கும் போகணும்."

"ஒரு பிளேன்டீ குடிச்சுட்டுப் போங்க மிஸ்."

"ரெண்டு குடிச்சிட்டேனே."

"இது வேற மாதிரி. இஞ்சி போட்டது."

ஸைனப் அவளை ஒரு முறை பார்த்தாள். என்னவோ புரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்து, இஞ்சி போட்டதை மிக நிதானமாகக் குடித்தாள்.

டம்ளரில் அடிவண்டல் தெரிந்தபோது வாசலில் விஜயலெட்சுமி நின்றாள். முதுகில் கொழுந்துச் சாக்கு, இடுப்பில் பிள்ளை. சாக்கை இறக்கினாள். நிலுக்ஷியின் கம்பளிச் சட்டையைத் தானே கழற்றினாள். பிள்ளையைத் துணிக் கால்சட்டையில் இறக்கி, கொக்கியில் மாட்டி, கையை எடுத்தாள். பிறகு தராசுக்கு நேரே வந்து நின்றாள்.

முள் ஆடியது. நேசராணிக்குச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது, பேனாவைக் கடித்துக்கொண்டாள். முள் நின்ற பிறகும் விஜயலெட்சுமி பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடுகளை விரலால் எண்ணினாள். திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள்.

"பதினொன்னும் ஆறு கோடும்" என்றாள். "எழுதுங்க டீச்சர்."

நேசராணி எழுதினாள்.

"பத்து நாளா வயித்தால போவுது மிஸ்" என்றாள் ஸைனப்பிடம், தராசை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ராவுல பல்லக் கடிக்கிறா. செவத்துல மொதலாவதுன்னு பேரு வந்த பொறகு எப்புடிச் சொல்றதுன்னு சும்மா இருந்துட்டேன்."

ஸைனப் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள், சீட்டு எழுதினாள். பூச்சியாக இருக்கலாம், டாக்டர் பார்த்துச் சொல்வார், நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், அதுவரை கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புக் கரைசல் கலந்து கொடுக்க வேண்டும் என்றாள். உப்புக் கரைசல் பைக்கற்றுகளையும் கொடுத்தாள். விஜயலெட்சுமி சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கீழே கொட்டகையில் ரெங்கசாமி கங்காணி நின்றுகொண்டிருந்தார்.

"கங்காணி! நாளைக்கு நான் வேலைப் பெரட்டுக்கு வர மாட்டேன்! எம் புள்ள ஐநூறு கிராம் கொறஞ்சிருக்கா! நானே வாசிச்சேன்!"

அந்தச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் அது கேட்டிருக்கும். கங்காணி பதிலுக்குக் கையை மட்டும் ஆட்டினார். வேறென்ன செய்வார், வாசித்தவள் அவள்.

உள்ளே ஒருவரும் கவனிக்கவில்லை, நிலுக்ஷி இன்னும் தராசிலேயே தொங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுதியாச்சா?" என்று காலை ஆட்டினாள். "எழுதிட்டா எறக்கி விடுங்க."