தலையாட்டியின் மனைவி

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் அவள். கணவர் மின் கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். மேலதிகாரி வாய் திறக்கும் முன்பே "ஆமா சார்" என்பவர், அதனால் அங்கே அவருக்குத் தலையாட்டி என்றே பெயர். ஆட்டிய தலை வீண்போகவில்லை. மின்கட்டணத்தையும் விதிகளையும் தீர்மானிக்கும் ஆணையத்தில் ஓர் இடம் காலியானபோது, தேர்வுக் குழு அவரை அழைத்தது. குழுவின் தலைவர் அதே மேலதிகாரிதான்.

"என்ன கேட்டாங்க?" என்றாள், அன்று சாப்பிடும்போது.

"பெருசா ஒண்ணுமில்ல. கம்பெனியோட அனுசரிச்சுப் போவீங்களான்னாங்க. போவேன்னேன். அவ்வளவுதான்!" முகமெல்லாம் பல். கம்பெனிக் கணக்கைக் குடைந்து கேள்வி கேட்கும் இன்ஜினியர் அம்மா ஒருவரும் வந்திருந்தாராம். "அந்தம்மாவுக்கு வாய் நீளம்னு கழிச்சு விட்டுட்டாங்க."

அவள் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனாள்.

கோடை வந்தது. வெயில் காலத்தில், பில் கட்டாத வீட்டிலும் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது என்று ஒரு பழைய விதி இருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லிக் கம்பெனி மனுப் போட்டது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் அவளும் வரிசையில் நின்று மைக்கைப் பிடித்தாள். மேடையில் ஆணைய உறுப்பினர்கள் மூவர், ஓரத்தில் கணவர்.

"நான் பார்த்துக்குற ஒரு பழைய பஸ் கண்டக்டருக்கு மூச்சு மெஷின்லதான் உசிரு ஓடுது. கரண்ட நிறுத்தினா அவரு என்ன பண்ணுவாரு? சொல்லுங்க."

மற்ற இருவரும் கணவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, "அடுத்தவங்க வரலாம்" என்றார்.

விதி போயிற்று. மூவரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

"எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்று வீட்டில் கேட்டாள்.

"நான் ஒருத்தன் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"அப்படி நினைக்கிற ஆளாப் பார்த்துத்தானே தேடிப் புடிச்சாங்க."

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

பில் பாக்கி என்று கண்டக்டர் வீட்டில் ஒரு பகலில் கரண்டைத் துண்டித்தார்கள். அவருடைய மகள் அலறிக்கொண்டு போன் செய்ய, இவள் ஓடிப்போய் ஆம்புலன்ஸில் ஏற்றினாள். பிழைத்துக்கொண்டார்; ஆனால் வீடு திரும்பப் பயந்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார்.

அவள் இன்ஜினியர் அம்மாவைத் தேடிப்போனாள். இருவரும் சேர்ந்து மறு ஆய்வு மனுப் போட்டார்கள். அதை விசாரித்ததும் அதே மூவர்தான். புரட்டிக்கூடப் பார்க்காமல் தள்ளினார்கள். இப்போது வழக்கு கோர்ட்டில் நடக்கிறது. எதிராளிகளில் ஒருவராகக் கணவர் பெயரையும் சேர்க்கச் சொன்னபோது வக்கீல் தயங்கினார்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்மா?"

"நான் சோறு போடுறேன், சாப்பிடுறாரு. எழுதுங்க சார்."