சந்தனம் வைத்த பிளேனர்

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் லீவு முடிந்து, பட்டறையை முதலில் திறந்தவள் நான். பலகை இழைக்கும் மெஷினான பிளேனரின் இரும்பு மேசையில் ஐம்பது காசு அளவுக்கு மூன்று துருக்கறைகள் இருந்தன. அந்த மூன்று இடத்திலும் ஈரச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டது என் கைதான்.

சிலிபின் வட்டாரத்தில் அது ஒரு தளவாடப் பட்டறை. ரப்பர் மரப் பலகையில் அலமாரி, மேசை செய்வோம். மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுப் பராமரிப்பது என் வேலை. முதலாளி காதர் பாய் எங்கள் பூஜைக்கு ஒருநாளும் தடை சொன்னதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"பூ வைங்க, விபூதி வைங்க. மெஷின்ல ஈரம் மட்டும் படக் கூடாது, சரியா சரசு?"

எட்டு வருஷம் அப்படியே நடந்துகொண்டேன். அந்த வருஷம் வீட்டில் அரைத்த சந்தனத்தைக் கொண்டு போனேன். ஒட்டும் பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்களை வேறு கழுவிப் பொட்டு வைத்தேன். இப்போது அவற்றின் திருகுகளும் இறுகிக் கிடந்தன.

பாயிடம் சொல்லியிருக்க வேண்டும். பூஜையையே நிறுத்திவிடுவாரோ என்று பயம். எல்லார் முன்னாலும் திட்டு வாங்க ரோஷமும் இடம் கொடுக்கவில்லை. சேண்ட்பேப்பரால் துருவைத் தேய்த்து எடுத்தேன். மறுபடி துரு பிடிக்காமலிருக்க, என் மகன் காருக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரேயைக் கொண்டுவந்து மேசையிலும் கிளாம்ப்களிலும் அடித்தேன். பலகை சும்மா வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன், கழுதை.

அந்த வாரம் பக்கத்துப் புந்தோங்கில் புது வீடு குடிபோகும் ஒரு குடும்பத்துக்குச் சாமி மேடை செய்துகொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். மரத்துக்கு லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சு அடிப்பவன் குமார், சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்த மாதம் பாய் அவனை நிரந்தரமாக்குவதாக இருந்தார்.

குமார் லேக்கர் அடித்தான். அது பலகையில் ஒட்டாமல் விலகி, மேலெல்லாம் குட்டிக் குட்டிக் குழியாக வந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தான். மறுபடியும் குழி.

"தின்னர்ல தண்ணி கலந்துச்சா? துணி அழுக்கா?" என்றார் பாய்.

"எல்லாம் புதுசு பாய். எங்க தப்புன்னு எனக்கே வெளங்கல."

மூன்றாவது தடவையும் கெட்டபோது பாய் பொறுமை இழந்தார். "உனக்கு இந்த வேல சரிப்படாது லா. இத முடிச்சிட்டு நீ கெளம்பு."

குமார் முகம் செத்துப்போனது. பாய் போன பிறகு என்னைக் கூப்பிட்டான். "அக்கா, இங்க வந்து பாருங்க. இந்த ஒரு கதவு மட்டும் நல்லா வந்திருக்கு. அதே லேக்கர்தான், அதே கைதான்."

அந்தக் கதவு லீவுக்கு முன்பே பிளேனரில் இழைத்து, கிளாம்ப் போட்டு ஒட்டி வைத்தது. மற்ற எல்லாப் பலகையும் நான் ஸ்பிரே அடித்த பிறகு இழைத்தவை. சிலிக்கான் பட்ட பலகையில் லேக்கர் ஒட்டாது என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

நேரே ஆபீசுக்குப் போனேன். "பாய், குமார் மேல தப்பில்ல. நான்தான்." சந்தனத்திலிருந்து ஸ்பிரே வரை எல்லாம் சொன்னேன்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "துரு ஒரு மணி நேர வேல லா, சரசு. அதுக்குப் போயி ஒருத்தன் சோத்துல மண்ணப் போடப் பாத்தியே."

பிறகு குமாரைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே மன்னிப்புக் கேட்டார். நாங்கள் மூவரும் உட்கார்ந்து லேக்கரைச் சுரண்டினோம். தின்னரால் இரண்டு முறை துடைத்து, அடிப்பூச்சாக ஷெல்லாக் ஒரு கோட் கொடுத்தோம்; அதன் மேல் குமார் லேக்கர் அடித்தான். சாமி மேடை வெள்ளிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இரும்பு மேசைக்கு சிலிக்கான் கலக்காத மெழுகைத் தேய்த்து, காய்ந்ததும் துணியால் மெருகேற்றுங்கள். கிளாம்ப் திருகுக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் போதும், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கிரீஸ் வேண்டாம், மரத்தூளை இழுக்கும். எதைப் போட்டீர்களோ, அதை அட்டையில் எழுதி மெஷினிலேயே தொங்கவிடுங்கள். தப்பு செய்தால் அன்றைக்கே வாயைத் திறங்கள்.

குமார் நிரந்தரமானான். என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டான், மரியாதை குறையவில்லை. ஆனால் காலையில் நான் பக்கத்திலேயே நின்றாலும் மேசையில் என்ன போட்டேன் என்று என்னைக் கேட்க மாட்டான். மெஷினில் நான் எழுதித் தொங்கவிட்ட அட்டையைப் படிப்பான், பிறகு ஒரு விரலால் மேசையைத் தடவி முகர்ந்து பார்ப்பான். அதற்கப்புறம்தான் பலகையை எடுப்பான். நான் ஓய்வு பெற்ற நாள்வரை அப்படித்தான் செய்தான்.