மகுடம் மாலில் ஒச்சம்மாளின் பத்து வருசம்

திண்டுக்கல் பைபாஸ் ஓரம் மகுடம் மால் திறந்தபோது ஒச்சம்மாளுக்கு முப்பத்தெட்டு வயது. சின்னாளப்பட்டிப் பக்கமிருந்து துப்புரவு வேலைக்கு வந்தவர். முதலாளி மணிமாறன் ஐந்து நாள் துபாய் போய்வந்தவர். அந்த ஐந்து நாளின் விளைவுதான் கட்டடம்: நான்கு மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி, உள்ளே பிளாஸ்டிக் பேரீச்சை மரங்கள்.

திறந்த அன்றே சிக்கல். நகரும் படிக்கட்டில் கால் வைக்க ஜனங்களுக்குப் பயம். துணிந்த சிலரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். மேலே போனதும் செருப்பு ஞாபகம் வந்து, ஏறுகிற படியிலேயே கீழே ஓடிவந்தார்கள். முதலாளி கண்ணில் ஒச்சம்மாள் பட்டார்.

"ஏத்தா, நீ ஏறி எறங்கு. ஒன்னையப் பாத்து நாலு பேரு ஏறட்டும்."

"விழுந்துட்டா, மொதலாளி?"

"சிரிச்சுக்கிட்டே எந்திரி."

அன்று முழுக்க ஏறி இறங்கினார். மறுநாள் அவர் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, நீலக் கோட்டும் 'வாடிக்கையாளர் உறவு அலுவலர்' என்ற அட்டையும் கொடுத்தார்கள். சம்பளம் ஏறவில்லை. தினமும் சாயங்காலம் கோட்டை வாங்கிக்கொண்டு துடைப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இரண்டு வருடம் கூட்டமான கூட்டம். பழனிக்குப் போய் மொட்டை போட்டவர்கள்கூடத் திரும்பும் வழியில் வேனை நிறுத்தினார்கள். ஏசியில் உட்கார்ந்தார்கள், படிக்கட்டில் போய்வந்தார்கள், பேரீச்சை மரத்தடியில் செல்ஃபி எடுத்தார்கள், எதுவும் வாங்காமல் போனார்கள். முதலாளி பதறிப்போய், டை கட்டிய பிரிட்டோ என்பவரை மேனேஜராகக் கொண்டுவந்தார். ஆளைப் பார்த்ததுமே வாங்குகிறவரா இல்லையா என்று சொல்லிவிடும் திறமை தனக்கு உண்டு என்பது பிரிட்டோவின் நம்பிக்கை.

ஒரு வியாழக்கிழமை அய்யலூர் சந்தையில் ஆடு விற்ற கையோடு பெருமாள்சாமியும் அவர் மனைவி அய்யம்மாளும் வந்தார்கள். ஒச்சம்மாள் கையைப் பிடித்துப் படியில் ஏற்றப்போன நேரம், பிரிட்டோ குறுக்கே வந்து மூக்கைப் பொத்தினார்.

"ஆட்டு வாடை அடிக்குது. வெளிய போங்க."

"மக கல்யாணத்துக்குச் சாமான் வாங்கத்தான்யா வந்தோம்" என்றார் அய்யம்மாள். பிரிட்டோவுக்கு அது காதில் விழவில்லை. இருவரும் ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார்கள். பிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், பீரோ என்று மினி லாரி நிறைய ஏற்றியதை மாலின் கண்ணாடி வழியே எல்லாரும் பார்த்தார்கள்.

முதலாளி வந்து கத்தினார். பிரிட்டோவை அல்ல, ஒச்சம்மாளை.

"ஆட்டு வாடையோட ஏன்டி உள்ள விட்ட? விட்டவ ஏன் போகவிட்ட?"

"எனக்கு வாடை தெரியல மொதலாளி. எங்க வீட்டுலயும் அதே வாடைதான்."

பிரிட்டோவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதோடு அவர் கோயம்புத்தூரில் வேறொரு மாலை நிர்வகிக்கப் போய்விட்டார். பிறகு ஜனங்கள் வீட்டிலிருந்தே போனில் வாங்கப் பழகினார்கள். கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. சாப்பாட்டுக் கூடம் டியூசன் சென்டராகி, அதுவும் மூடியது. கரண்ட் பில்லுக்குப் பயந்து படிக்கட்டை நிறுத்தினார்கள். நின்ற படியில் ஜனங்கள் பயமில்லாமல் ஏறினார்கள், ஆனால் மேலே கடை இல்லை.

பத்தாம் ஆண்டு விழாவை முதலாளி விடவில்லை. நீண்டகால ஊழியர் விருது ஒச்சம்மாளுக்கு. போட்டிக்கு வேறு ஊழியர் இல்லை. பொன்னாடையும், 'மகுடம் மால் கடைகளில் மட்டும் செல்லும்' என்று அச்சடித்த பரிசுக் கூப்பனும் கொடுத்துக் கைதட்டினார்கள். மறுநாள் ஒச்சம்மாள் கூப்பனோடு நான்கு மாடியும் ஏறினார். திறந்திருந்தது மூன்றாம் மாடியில் டாக்டர் முஹ்சினாவின் பல் ஆஸ்பத்திரி மட்டும்.

"டாக்டரம்மா, இது செல்லுமா?"

முஹ்சினா கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேலை தர முடியாதுக்கா. வேணும்னா ரெண்டு சொத்தப் பல்லு புடுங்கலாம்."

"புடுங்குங்க. கெடச்சத விடுவானேன்?"

கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவரிடம் முஹ்சினா சொன்னார்: "அடுத்த மாசம் ஆஸ்பத்திரிய நாகல் நகருக்கு மாத்துறேன். பயந்து வாரவங்கள கையப் புடிச்சு உள்ள கூட்டியார ஆள் வேணும். வாரீகளா?"

வாயில் பஞ்சு இருந்ததால் ஒச்சம்மாள் தலையை மட்டும் ஆட்டினார். இப்போது அங்கேதான் இருக்கிறார், மாலைவிடச் சம்பளம் அதிகம். நீலக் கோட்டை மாலிலேயே மடித்து வைத்துவிட்டு வந்தார்.