மூன்றாம் நம்பர் மேகசின்

மலாயாவின் சுதந்திரத் தேதியை மலாக்கா திடலில் அறிவித்த வருஷம் நான் அரிசி லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு மலாக்கா நகரத்தில், காஜா பெராங்கில். வேலை ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். வாரத்துக்கு இரண்டு நடை. நகரத்துக் கிடங்கில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஆயர் குரோவைத் தாண்டி, ரப்பர் மரங்கள் நெருங்கி நிற்கும் மண்பாதை வழியாகத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவசரகாலம் முடிந்தபாடில்லை. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு அரிசி தேவைப்பட்டது, என் லாரியிலோ அரிசி இருந்தது. அதனால் மூட்டைகளின்மேல் இரண்டு காவலர்கள் ரைஃபிளோடு உட்கார்ந்து வருவார்கள். ஸ்டியரிங் பிடிக்கிறவன் ரைஃபிளைத் தூக்க முடியாது என்பதால் எனக்கு ஒரு பிஸ்டல் கொடுத்திருந்தார்கள்.

ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல். பதின்மூன்று தோட்டாக்களை அடுக்கிய தகரக் கூடு ஒன்றைப் பிடிக்குள் கீழிருந்து செருக வேண்டும். அதுதான் மேகசின். அதன் அடியில் இருக்கும் ஸ்பிரிங் தோட்டாக்களை மேலே தள்ளும். ஒன்று வெடித்ததும் அடுத்தது தானாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் கையில் இருப்பது வெறும் இரும்புத் துண்டு.

பிஸ்டலோடு வந்த அசல் மேகசின்கள் இரண்டு. ஒன்று கிடங்கு வாசலில் என் லாரிச் சக்கரத்தின் அடியிலேயே விழுந்து நசுங்கிவிட்டது. அது என் தப்பு. இன்னொன்றைத் தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரை வாங்கிக்கொண்டார். அவரிடமும் அதே மாதிரி பிஸ்டல்தான். "எனக்கு ஒன்று கூடுதலாக இருக்கட்டும், உனக்குப் புதிதாக வருகிறது" என்றார். வந்தன. மூன்று. ஆனால் பிஸ்டல் செய்தவர்கள் செய்தவை அல்ல. அசல் கப்பலில் வந்து சேரப் பல மாதமாகும் என்று ஆபீசில் யாரோ ஒரு வியாபாரியிடம் வாங்கிய நகல்கள். பார்வைக்கு அசலைவிடப் பளபளப்பாகவே இருந்தன.

மாதம் ஒருமுறை ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த செம்மண் மேட்டில் சுட்டுப் பழகுவோம். புது மேகசினைப் போட்டு முதல் தடவை சுட்டபோது ஒன்பது தோட்டா ஒழுங்காகப் போனது. பத்தாவது குழாய் வாயில் ஏறாமல் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றது. மேகசினை உருவி, மேல்பாகத்தை இழுத்து, தோட்டாவை உதறித்தான் எடுக்க முடிந்தது. இரண்டு கையும் வேண்டும். லாரி ஓட்டுகிறவனுக்கு இரண்டு கை எங்கே இருக்கிறது?

இரண்டாவது மேகசினிலும் அதே கதைதான்.

ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி பக்கத்தில் நின்று பார்த்தார். "இறுக்கிப் பிடிக்கணும்ப்பா. கை தளர்ந்தா இப்படித்தான் மாட்டும்" என்றார்.

"மூணு வருஷமா இதே கையாலதான் சுடுறேன், ஐயா."

"துடைச்சு எண்ணெய் போட்டியா?"

அந்த பிஸ்டலை என் வீட்டுக் கத்தியைவிடச் சுத்தமாக வைத்திருந்தேன்.

ஃபேக்டரியில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவர் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி இருந்த மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய தமிழர்களின் வழிவந்தவர். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய்தான் வரும். தமிழில் சாமி பெயரும் பலகாரங்களின் பெயரும் தெரியும், அவ்வளவுதான். மூன்று மேகசின்களையும் அவருடைய மேஜையில் வைத்தேன். அளவுகோலால் ஒவ்வொன்றின் வாயையும் அளந்தார். பிறகு ஊசியால் அடித்தட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கீறினார்.

"மூன்று வாயும் மூன்று அளவு" என்றார் மலாயில். "தகடு மிருது. ஸ்பிரிங்கும் மிருது. நிறைய தோட்டா இருக்கும்போது அமுங்கி நின்று நன்றாகத் தள்ளுகிறது. நாலைந்து பாக்கி இருக்கும்போது அதற்குச் சத்து இல்லை. தோட்டா ஏறுவதற்குள் மேல்பாகம் வந்து இடிக்கிறது. உன் கையில் குற்றமில்லை."

"இதை எப்படி நிரூபிப்பது?"

"துரையின் பிஸ்டலில் போட்டுப் பார். கோளாறு எதோடு போகிறது என்று பார்."

துரையிடம் கேட்டேன். அவர் கெட்டவரில்லை. பந்தயம் மாதிரி நினைத்து உடனே சம்மதித்தார். மறுநாள் காலை மேட்டில் நான், அவர், கிராணி, ஃபிட்டர் நாலு பேர். ஒன்றாம் நம்பர் என் பிஸ்டலிலும் மாட்டியது, அவருடையதிலும் மாட்டியது. இரண்டாம் நம்பரும் அப்படியே. அவர் வாங்கிக்கொண்ட என் அசல் மேகசின் இரண்டு பிஸ்டலிலும் தண்ணீர் மாதிரி ஓடியது.

மூன்றாம் நம்பரும் ஓடியது. நான் எதிர்பார்க்கவே இல்லை. நாலு தடவை நிரப்பிச் சுட்டோம், ஒருமுறைகூட மாட்டவில்லை.

துரைக்கு முகம் தெளிந்துவிட்டது. "பார்த்தாயா? இது நல்ல மேகசின். மற்ற இரண்டையும் விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்."

நான் ஃபிட்டரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அவருக்கும் வேலை வேண்டும்.

"துவான்," என்று துரையை மலாயில் மரியாதையாகக் கூப்பிட்டுச் சொன்னேன், "ஒரே ஆள் செய்த மூன்றில் இரண்டு கெட்டது. இது ஏன் ஓடுகிறது என்று இங்கே யாருக்கும் தெரியாது. எப்போது நிற்கும் என்றும் தெரியாது."

"ஓடுகிறதே, வேறென்ன வேண்டும்?"

"அப்படியானால் இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். என் அசலை என்னிடம் கொடுங்கள்."

அவர் சிகரெட்டைப் பற்றவைத்தார். அவருடைய வலது கை, என் அசலைப் போட்ட பிஸ்டல் இருந்த இடுப்பு உறைமேல் போய் உட்கார்ந்தது. அதைக் கிராணியும் பார்த்தார். எனக்கு அந்தக் கையே போதுமான பதில்: மூன்றாம் நம்பரை அவரும் நம்பவில்லை.

ஆபீசில் கிராணி ஆயுதப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்து வேண்டும். நான் அந்த வரியை அடித்துவிட்டு, 'இரண்டு வேலை செய்யவில்லை, மூன்றாவதை நம்ப முடியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிராணி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டே? நாளைக்கு லாரி போகலேன்னா தொழிலாளிங்க லயத்துல அடுப்பு எரியாது. நம்ம ஜனங்கதான் பட்டினி கிடக்கும்."

அது உறுத்தியது. அவர் சொன்னது உண்மை. இடுப்புப் பட்டையை அவிழ்த்து பிஸ்டலோடு மேஜைமேல் வைத்தேன்.

"லாரி போகும். நான் வெறுங்கையோட ஓட்டுறேன். இதை நம்பிப் போறதைவிட அது மேல். இல்லாத துப்பாக்கி யாரையும் ஏமாத்தாது."

வீட்டில் சொன்னபோது மனைவி சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அகப்பையைச் சட்டியிலேயே போட்டுவிட்டாள்.

"ஏங்க, நல்லா ஓடுற ஒண்ணைக் குடுத்தாங்கல்ல? அதை வாங்கிக்கிட்டா என்ன?"

"வாங்கிக்கிட்டா 'நல்ல நிலையில்'னு கையெழுத்துப் போடணும். அப்புறம் மத்த ரெண்டும் மாட்டினது என் கை தப்புன்னு ஆயிடும்."

"உங்க கை தப்புன்னே இருந்துட்டுப் போகட்டும். உசுரு முக்கியமில்லையா?"

நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மூன்று வாரம் வெறுங்கையோடு ஓட்டினேன். பயமில்லை என்று சொன்னால் பொய். ஒரு நாள் வளைவில் மரக்கிளை முறிந்து பாதையில் கிடந்தது. பிரேக் போட்டதும் என் கை தானாக இடுப்புக்குப் போய், அங்கே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது. காவலர்கள் இறங்கிக் கிளையை இழுத்துப் போட்டார்கள். காற்றுக்கு விழுந்த கிளைதான். ஆனாலும் தோட்டம் போய்ச் சேரும்வரை முதுகு ஈரமாகவே இருந்தது.

நாலாவது வாரம் ஆயுதங்களைச் சரிபார்க்க நகரத்திலிருந்து ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். புத்தகத்தைப் புரட்டியவர் நான் எழுதிய வரியில் நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன், மூன்றாம் நம்பர் ஓடியதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மூன்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டார்.

"மூன்றாவது நன்றாக இருக்கிறது" என்றார் துரை.

"இருக்கலாம்" என்றார் அதிகாரி. "அந்த டிரைவருடைய அசலைக் கொடுத்துவிடுங்கள்."

துரை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நம்பர் பிறகு எப்போதாவது மாட்டியதா என்று எனக்குத் தெரியாது. கடைசிவரை நன்றாகவே ஓடியிருக்கலாம். அதனால் நான் செய்தது தப்பு என்று யாராவது சொன்னால், அன்று காலை மேட்டில் துரையின் கை எங்கே போனது என்று கேட்பேன்.

சுதந்திரம் வந்த பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலை போனவர்களுக்கெல்லாம் துரை நற்சான்றுக் கடிதம் கொடுத்தார். என் முறை வந்தபோது கிராணி தனியாகக் கூப்பிட்டார். "ஆயுதப் புத்தகத்துல அந்த வரியைத் தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துடு. கடிதம் தயாரா இருக்கு."

"தப்பா எழுதலையே, ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடிதமில்லாமலே நகரத்தில் பஸ் கம்பெனிக்குப் போனேன். அங்கிருந்தவர் கடிதம் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். சாவியைக் கொடுத்து, ஜாலான் பெண்டஹாரா தெரு நெரிசலுக்குள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினேன். மறுநாளிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார்.