இடது கைக் கலியாணம்

நான் மேடைப் பாடகி. கனடாவில், ஸ்காபரோவில் தமிழர் கூடுகிற மண்டபம் என்று ஒன்று இருந்தால் அதில் நான் பாடியிருப்பேன். பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, பழைய மாணவர் ஒன்றுகூடல், நடன அரங்கேற்றம் என்று எதையும் விட்டதில்லை. மைக்கைக் கையில் தந்தால் ஐந்நூறு பேருக்கு முன்னால் ஒரு கணமும் தயங்க மாட்டேன். ஆனால் பாடி முடித்துச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது யாராவது ஓர் அன்ரி, "உங்கடை மிஸ்டர் வரேல்லையோ?" என்று கேட்டுவிட்டால் போதும், எனக்கு வாய் கட்டிப்போகும்.

மிஸ்டர் இருந்தார். பதினொரு வருடங்களாக இருந்தார். அவர் றிச்மண்ட் ஹில்லில் இருந்தார், நான் ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் இருந்தேன். செவ்வாயும் சனியும் மத்தியானம் வருவார். சமைத்ததைச் சாப்பிடுவார். புதிதாகப் பழகிய பாட்டைப் பாடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பொழுதுபடுவதற்கு முன் போய்விடுவார். நகர மண்டபத்தில் பதிந்த கலியாணம். சாட்சிக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் எங்கள் இசைக்குழுவின் கீபோட்காரரும் ட்ரம்ஸ்காரரும். கையெழுத்துப் போட்ட கையோடு நாலு பேரும் போய்க் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். கலியாண விருந்து அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். அவருடைய தமையன் ஊரில் சண்டைக் காலத்தில் இறந்துபோனார். அப்போது தமையனுடைய மகனுக்கு இரண்டு வயது. சாகிறதுக்கு முன் தமையன் போனில் இவரிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தார். பிள்ளையை உன் பிள்ளையாக வளர்க்க வேண்டும், அவன் ஒரு குடும்பமாகும் மட்டும் நீ உனக்கென்று ஒரு குடும்பம் வைக்கக் கூடாது. இவரும் அண்ணியையும் பிள்ளையையும் கனடாவுக்கு எடுப்பித்து, றிச்மண்ட் ஹில்லில் வீடு வாங்கி, அந்த வீட்டையும் தமையன் மகன், அந்தப் பெறாமகன் பெயரில் எழுதி, சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்து நாலு வயதில் ஒரு ஒன்றுகூடலில் நான் பாடியதைக் கேட்டார். அதோடு சத்தியம் ஆடிப்போனது.

என்னை ஒரு கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். பதிவு மட்டும்தான். தாலி இல்லை, மண்டபம் இல்லை. வீட்டில் பங்கு கேட்கக் கூடாது. பிள்ளை பெறக் கூடாது. ஒருவருக்கும் சொல்லக் கூடாது. "அவன் ஒரு கலியாணம் கட்டட்டும். அதுக்குப் பிறகு ஊருக்கே சொல்லுவம்" என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. குடித்திருந்தேனா என்றால், குடித்தது வெறும் கோப்பி. எனக்குப் பிள்ளை ஆசை இருந்தது. அதை அந்த மேசையில் வாய் திறந்து சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை.

அண்ணிக்கு விசயம் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். "மட்டக்களப்பாம், மேடையிலை பாடுறவவாம். எங்கடை ஆக்கள் இல்லை" என்று அவர் யாரிடமோ சொன்னது சுற்றிச் சுழன்று என் காதுக்கும் வந்தது. பெறாமகனுக்கும் தெரியும். எங்கேயாவது கண்டால் "ஹாய் அன்ரி" என்பான், சிரிப்பான், போய்விடுவான். கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் ஒரு நாளும் சித்தி என்று வாயில் வந்ததில்லை.

போன வருடம் அவனுக்குக் கலியாணம் சரிவந்தது. பொம்பிளை ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கலியாணத்துக்கென்று மாம்பழ நிறத்தில் ஒரு கூறைச் சேலை வாங்கி அலுமாரியில் வைத்தேன். அவர் எப்போது அந்தப் பேச்சை எடுப்பார் என்று செவ்வாயும் சனியும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மண்டபத்தைப் பற்றிச் சொன்னார், சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார், கார் நிறுத்த இடம் காணாது என்று கவலைப்பட்டார். என்னைப் பற்றி மூச்சு விடவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு போன் வந்தது. பொம்பிளையேதான். நான் பாடிய வீடியோ ஒன்றைப் பார்த்தாளாம், தாலி கட்டுக்கு முன்னால் மணவறைக்குப் பக்கத்தில் இருந்து நாலைந்து பாட்டுப் பாட முடியுமா என்று கேட்டாள். நான் யார் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரிடம் கேட்டேன்.

"நல்லதுதானே. எல்லாரும் இருக்கிற இடத்திலை நீரும் இருப்பீர்" என்றார்.

"பாட்டுக்காரியாவோ?"

"நீர் பாட்டுக்காரிதானே?"

பொய்யும் இல்லை. பழைய வியாதி திரும்பிவர, ஓம் என்றேன்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை முன்பு பாட்டுத் தெரிவுசெய்ய அந்தப் பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள். பெறாமகன்தான் காரில் கொண்டுவந்து விட்டான். மேலே வரவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தால் கீழே அவனுடைய காரின் கூரை தெரிந்தது. பிள்ளை சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சோபாவில் காலை மடக்கி இருந்துகொண்டு, பத்து வருடம் பழகியவள் போலக் கதைத்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அது ஒரு கரைச்சல்.

"அன்ரி, பாட்டுக்காரர் எண்டா எனக்குத் தனி விருப்பம். எங்கடை இடத்திலை மலையிலை ஒரு பெரிய கோட்டை இருக்கு. படிக்கேக்கை நான் அங்கை சனத்தைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சு கதை சொல்லுற வேலை செய்தனான். அங்கை ஒரு பாட்டுக்காரியின்ரை கதை இருக்கு. சொல்லட்டே?"

"சொல்லும், பிள்ளை" என்றேன்.

"ஐந்நூறு வருசத்துக்கும் மேலை பழைய கதை. அந்தக் கோட்டையிலை ஒரு இளவரசன் இருந்தவர். அவற்றை தமையன் செத்துப் போட்டார். தமையன்ரை மகன் கைக்குழந்தை. இளவரசன் அந்தப் பிள்ளையைத் தன்ரை மகனா எடுத்து, நாடு இவனுக்குத்தான், நான் கலியாணம் கட்ட மாட்டன் எண்டு வாக்குக் குடுத்தவர்."

நான் அவளுக்கென்று ஊற்றிய தேத்தண்ணியை எடுத்து நானே குடித்துவிட்டேன். அவள் கவனிக்கவில்லை.

"பிறகு அரண்மனையிலை பாடுறதுக்கு ஒரு பொம்பிளை வந்தா. சாதாரண வீட்டுப் பிள்ளை. அவவிலை இவருக்குச் சரியான விருப்பம். ரெண்டு பெடியன்களும் பிறந்திட்டினம். கடைசியிலை பெறாமகன் சம்மதிக்க, ரகசியமாக் கட்டினவர். அப்பிடிக் கட்டுறதுக்கு எங்கடை பக்கம் இடது கைக் கலியாணம் எண்டு பேர், அன்ரி. வலது கையைக் குடுத்துக் கட்டினா முழுப் பெண்சாதி. இடது கையைக் குடுத்தாலும் மனிசிதான், ஆனா பட்டம் இல்லை. பிள்ளையளுக்கு நாடும் இல்லை."

எங்கள் சனம் இடது கையால் ஒரு வெற்றிலையைக்கூட வாங்காது. அங்கே பெண்சாதியையே இடது கையால் பிடித்திருக்கிறார்கள். எனக்கு நகர மண்டபத்தில் அவர் எந்தக் கையைத் தந்தார் என்று யோசனை போனது. ஒரு கையையும் தரவில்லை. கையெழுத்துத்தான் போட்டார்.

"அவர் செத்த பிறகு?" என்று கேட்டேன்.

"பெறாமகன் அவவைப் பிடிச்சு வேறையொரு கோட்டையிலை அடைச்சு வைச்சவன். கன வருசம்."

"ஏன்?"

"தெரியாது அன்ரி. வாற சனமும் அதைத்தான் கேக்கும். பயத்திலை செய்திருக்கலாம்." சோபாவில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். "எனக்கு எண்டா, அவ என்ன பாட்டுப் பாடியிருப்பா எண்டுதான் அறிய விருப்பம். அது ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். எல்லாம் தெரிந்துகொண்டு சாடையாகச் சொல்கிறாளா? அண்ணி சொல்லி அனுப்பினாரா? இல்லை, சும்மா வாய்க்கு வந்த கதையா? அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. கீழே காரில் ஒரு பெறாமகன் ஹோர்ன் அடித்தான். அவள் நாலு பாட்டைக் குறித்துக்கொண்டு, என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க என் மூளை ஓர் இடத்தில் நிற்கவில்லை. அந்தப் பாட்டுக்காரியை நினைத்துப் பரிதாபப்பட்டேன். பிறகு அவளில் பொறாமைப்பட்டேன். அவளுக்காவது இரண்டு பிள்ளைகள். பிறகு பெறாமகன் என்னை எந்தக் கோட்டையில் அடைப்பான், ஒன்பதாம் மாடியிலா என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை அவர் வந்ததும் சோற்றைப் போட்டபடியே கேட்டேன். "மணவறையிலை மாப்பிள்ளை பக்கம் நிக்கிறது ஆர்?"

எங்கள் வழக்கத்தில் அந்த இடத்தில் சோடியாகத்தான் நிற்க வேண்டும். அண்ணி தனியாள். விதவையை மணவறையில் ஏற்ற மாட்டார்கள்.

"மொன்றியலிலை இருந்து ஒன்றைவிட்ட தங்கச்சியும் புருசனும் வருகினம். அவை நிப்பினம்."

"நாங்கள் ரெண்டு பேரும் சோடி இல்லையோ?"

சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "கலியாணம் முடியட்டும். இப்ப குழப்பாதையும்" என்றார். குழம்பிப்போய் நிற்பவள் நான். குழப்புகிறவளும் நானாம்! கோபத்தில் சோற்றுக்கு மேல் சொதியை ஊற்றாமல் சட்டியோடு அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் தானே ஊற்றிச் சாப்பிட்டார்.

கலியாணத்தன்று மாம்பழச் சேலையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். மேடைக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மணவறைக்கு இடப்பக்கம் ஒரு சின்ன மேடை போட்டு எனக்கு மைக் வைத்திருந்தார்கள். அண்ணி மூன்றாவது வரிசையில் கதிரையில் இருந்தார். பெற்ற மகனுக்குக் கலியாணம், தாய் மூன்றாவது வரிசையில்! அதைப் பார்த்ததும் அண்ணியில் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விட்டது. நான் பாடத் தொடங்கினேன்.

மூன்றாவது பாட்டின் நடுவில் மணவறையில் ஒரு சலசலப்பு. மொன்றியல்காரரின் கார் வழியில் பழுதாகிக் கிங்ஸ்டனுக்குக் கிட்ட நின்றுவிட்டதாம். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஐயருடைய தோள் சால்வையில் குத்தியிருந்த சின்ன மைக் எல்லாவற்றையும் மண்டபத்துக்குச் சொன்னது.

"மாப்பிள்ளையின்ரை சித்தப்பா நீங்கள்தானே? நீங்கள் நில்லுங்கோ. பெண்சாதியைக் கூப்பிடுங்கோ."

நான் பாட்டை நிறுத்திவிட்டேன். அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு ஐயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு சொல், ஒரு கையசைப்பு, அது போதும். பதினொரு வருடம் காத்திருந்தது அதற்காகத்தான். அவர் திரும்பத் தன் காலைப் பார்த்தார்.

"அந்தா, மைக்கடியிலை இருக்கிறா" என்று மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. அண்ணி எழும்பி நின்றார். "பிள்ளை, போம். நேரம் போகுது."

பெருந்தன்மையில் சொன்னாரா, முகூர்த்தம் தவறப்போகிறதே என்ற பதற்றத்தில் சொன்னாரா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் கேட்கவில்லை. எழும்பிப் போனேன். மண்டபம் முழுக்கக் குசுகுசுப்பு. மணவறையில் இருந்த அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள். கையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்று எனக்கு நிச்சயமானது.

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். நின்றுவிட்டேன்!

ஐயர் தர்ப்பையைக் கொடுத்து, சங்கற்பத்துக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். இவர் மடமடவென்று சொன்னார். தகப்பனுடையது, தாயுடையது, இறந்துபோன தமையனுடையது, அண்ணியுடையது, பெறாமகனுடையது. ஒன்றிலும் தடுமாறவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் அண்ணிக்கும் பெறாமகனுக்கும் அருச்சனை செய்கிறவர், நாக்கில் பாடமாகியிருந்தது.

"பெண்சாதியின்ரை நட்சத்திரம்?" என்று ஐயர் கேட்டார்.

அவர் விரலில் இருந்த தர்ப்பையைத் திருகினார். பிறகு என் பக்கம் சரிந்து, "உம்மடை நட்சத்திரம் என்ன?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஐயரின் தோளில் இருந்த மைக் அதையும் மண்டபத்துக்குச் சொன்னது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

எனக்குக் கலியாணம் இப்போதுதான் நடக்கிறதா, இல்லை, இவ்வளவு காலமும் நடக்கவேயில்லை என்று இப்போதுதான் தெரியவருகிறதா, ஒன்றும் விளங்கவில்லை. ஐயர் காத்துக்கொண்டு நின்றார்.

"சதயம்" என்றேன். அவரைப் பார்க்காமல், ஐயரைப் பார்த்துச் சொன்னேன்.