புத்துக்குள்ள போன இலைப்பைங்க

என் தோப்புல இலை மக்கறதப் பாக்க வெளிதேசத்துலேர்ந்து ஒருத்தி வந்தான்னா யார் நம்புவாங்க? எங்க ஊரு மானாம்பதியில ஒருத்தரும் நம்பல. "பைத்தியம் புடிச்சதுங்க, குப்பைய எடை போட்டுக்கினு போவுதுங்க"ன்னு சிரிச்சாங்க. சிரிக்கட்டுமே. எனக்கு அந்தக் குப்பைதான் பேச்சுத்துணையக் கொண்டாந்து விட்டுது.

அறுபதுங்கள்ல நடந்தது இது. எனக்கு அப்போ இருபத்தாறு வயசு, வூட்டுக்காரர் தவறிப்போயி ரெண்டாவது வருஷம். புள்ள குட்டி இல்ல. பாகம் பிரிக்கறப்போ ஊர விட்டுத் தள்ளிக் கெடந்த புங்கந்தோப்பையும் அதுல ஒரு ஓட்டு வூட்டையும் என் தலையில கட்டிட்டு மாமியார் வூட்டாங்க ஒதுங்கிட்டாங்க. தாலி அறுத்தவ எதிர்ல வந்தா போற காரியம் கெட்டுடுமாம். அதனால ஜனங்க என் தோப்போரமா போற வழியையே மாத்திக்கினாங்க. மத்த தோப்புல நடவுக்கு முன்னால புங்கந்தழைய வெட்டி சேத்துல போட்டு மிதிப்பாங்க, சருக வாரி அடுப்புக்குக் கொண்டுபோவாங்க. என் தோப்புல உதுந்தது உதுந்த எடத்துலயே கெடக்கும். சில நாளு பேசறதுக்கு ஆளில்லாம என் குரலே எனக்கு மறந்து போவும்.

மெட்ராஸ் காலேஜ் சார் ஒருத்தர் வந்து, "யாரும் பெருக்காத எடம் வேணும்மா"ன்னு கேட்டாரு. "அதுக்கு இதவிடத் தோதான எடம் ஏது சார்"னேன். அவரு கூட குளிர் தேசத்துக்காரி ஒருத்தி வந்திருந்தா. பல தேசத்துக்காரங்க சேந்து பண்ற வேலையாம். ஒரே மாதிரி நைலான் வலைப்பையில இலையப் போட்டு, அவங்கவங்க ஊரு மண்ணு மேல வெச்சி, எங்க எவ்ளோ சீக்கிரம் மக்குதுன்னு பாக்கறது. அவ ஊரு இலை ஒரு பையில, என் புங்க இலை ஒரு பையில. வரிசை வரிசையா முளைக்குச்சி அடிச்சி வெச்சாங்க. மாசத்துக்கு ஒரு வரிசைய எடுத்துக்கினு போயி காயவெச்சி எடை போடுவாங்க.

அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் மாசத்தத் தள்ளினேன். அந்த வெள்ளக்காரம்மாவுக்கு நம்ம வழக்கம் ஒண்ணும் தெரியாது. என் மூஞ்சியப் பாத்ததும் சிரிப்பா, என்ன ஒட்டி உக்காந்து கேவுருக் கூழு குடிப்பா. ஒரு வாட்டி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல மல்லிப்பூ வாங்கியாந்து என் கையில குடுத்துட்டா. சாருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. நான் சிரிச்சிக்கினே வாங்கி சொம்புத் தண்ணியில போட்டு வெச்சேன். அவங்க போனப்புறம் அழுதேன், பொய் சொல்லுவானேன்.

"எங்க ஊர்ல இது மக்க வருஷக்கணக்காவும், இங்க கரையான் ஒரு மழைக்கே தின்னுடுது"ன்னு அவ சொன்னத சார் தமிழ்ல சொன்னாரு. கொடுத்து வெச்ச ஊருன்னு நெனச்சிக்கினேன். மக்கற வரிக்கும் அங்க ஆளு வந்துக்கினே இருக்கும் பாரு. கடைசி வரிசையும் ஒழுங்கா கெடைச்சா புதுப்பை வெச்சி இன்னும் சில வருஷம் வருவோம், இல்லன்னா இந்த எடத்தக் கணக்குல சேத்துக்க மாட்டாங்கன்னும் சொன்னாரு.

அந்த வருஷம் கோடமழை நல்லாப் பேஞ்சிது. கடைசி வரிசை மேல கரையான் முழங்கா ஒசரத்துக்குப் புத்து கட்டிடுச்சி. ஆடு தேடி வந்த மேலத்தெருக்காரி ஒருத்தி அத்தப் பாத்துட்டு கன்னத்துல போட்டுக்கினா. மறுநாளே புத்து மேல மஞ்சளும் குங்குமமும் ஏறிடுச்சி.

சார் புத்த வெட்டிப் பைய எடுக்க மண்வெட்டியோட வந்தப்போ பொம்பளைங்க குறுக்க நின்னுட்டாங்க. "அம்மா வந்து ஒக்காந்துகீறா. ஒடைச்சா ஊரு தாங்காது." சார் என்னப் பாத்தாரு. "உங்க எடம்மா. நீங்க எடுன்னா எடுக்கறேன், வேணாம்னா போயிடறேன்." வெள்ளக்காரம்மா என் மூஞ்சியையே பாத்துக்கினு இருந்தா.

உள்ள கீறது இலைப்பைன்னு எனக்குத் தெரியாதா? "எடுங்க சார்"னு நாக்கு நுனி வரிக்கும் வந்துடுச்சி. அப்போதான் அந்த ஆடு தேடி வந்தவ என் கையப் புடிச்சா. "அக்கா, நீ ஒரு வார்த்த சொல்லுக்கா. வெள்ளிக்கு வெள்ளி நாங்க எல்லாம் உன் தோப்புக்கு வருவோம்." அக்காவாம்! ஊர்ல ஒருத்தி என்னத் தொட்டு எத்தினி காலம்! மாசத்துக்கு ஒருத்தி எங்க, வாரத்துக்கு ஒரு ஊரே வரது எங்க? மனசு அந்தப் பக்கம் சாஞ்சிடுச்சி. "வாணாம் சார், உட்டுடுங்க"ன்னேன்.

வெள்ளக்காரம்மா கோச்சிக்கல. கோச்சிக்கினு இருந்தாலும் தேவலாம். என் ரெண்டு கையையும் புடிச்சி என்னமோ சொன்னா. சார் அத்தத் தமிழ்ல சொல்லல, நானும் கேக்கல. ஜீப்பு கெளம்பிப் போயிடுச்சி. அப்பால அவங்க வரவே இல்ல.

ஆடி மொத வெள்ளி வந்துது. தோப்பு முழுக்கக் கூட்டினேன். புத்தச் சுத்திச் சாணி தெளிச்சேன். வரவங்களுக்குப் பானை நெறைய மோரு கரைச்சி வெச்சேன். பாலும் பூவுமா கூட்டமா வந்தாங்க. எனக்குத் தல கால் புரியல, வாசல் வரிக்கும் ஓடினேன். என் கையப் புடிச்சவதான் முன்னால வந்தா. குரலத் தாழ்த்திக்கினு சொன்னா:

"தப்பா நெனச்சிக்காதக்கா. சுமங்கலிங்க வந்துகீறாங்க. பூச முடிஞ்சி நாங்க போற வரிக்கும் நீ உள்ளயே இருந்துக்கோ."

உள்ள போயி கதவச் சாத்திக்கினேன். என் தோப்புல அவ்ளோ பேச்சுச் சத்தம் நான் அதுவரிக்கும் கேட்டதில்ல. அவங்க எல்லாரும் போற வரிக்கும் கதவுக்கு இந்தாண்ட நின்னு கேட்டுக்கினே இருந்தேன்.