நூலையும் எரித்த நாள்

என் மனைவி குணேஸ்வரிக்குக் கை சும்மா இருக்காது. ஒரே வேலையில் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கவும் நிற்காது.

அன்புவழிபுரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. நான் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தேன். பிள்ளைகள் இல்லை. தொண்ணூற்றைந்தில் யுத்தம் திரும்பவும் தொடங்கிய பிறகு, பின்னேரம் ஐந்து மணியோடு ஊர் கதவைச் சாத்திவிடும். ஊரடங்கு போட்டால் நாள் முழுக்க வீட்டுக்குள்தான். நான் றேடியோவைத் திருகிக்கொண்டு இருப்பேன். அவள் ஏதாவது புதிதாகப் பழகிக்கொண்டு இருப்பாள்.

முதலில் பூச் செய்தாள். மெல்லிய கம்பியை இதழ் மாதிரி வளைத்து, காலில் போடுகிற நைலோன் மேசுத் துணியை அதன்மேல் இழுத்துக் கட்டுகிற பூ. பிறகு சல்லி என்ற ஊரின் கடற்கரையில் பொறுக்கிய சோகியையும் சிப்பியையும் பலகையில் ஒட்டி மயில் செய்தாள். மயிலுக்குக் கால் வைக்க முன்னமே நூல் பின்னுகிற கொக்கி ஊசி கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு, குழாய்த் துண்டுக்குள் மெழுகை ஊற்றி மெழுகுதிரி செய்தாள். சவர்க்காரமும் காய்ச்சினாள், அது நுரைக்கவே இல்லை. பத்திக் சாயம் காய்ச்சிய கிழமை நான் உடுக்கிற இரண்டு சாரங்கள் ஊதா நிறமாயின.

நகரத்தில் நூலும் பொத்தானும் விற்கிற கடைக்காரரின் மனைவி பல்கீஸ்தான் அவளுக்குக் கூட்டாளி. இரண்டு பேரும் குசினி நிலத்தில் காலை நீட்டி இருந்து ஒன்றைச் செய்யத் தொடங்குவார்கள். செய்தது பிழைத்துப் போனால் இன்னும் கூடச் சிரிப்பார்கள். வெளியே எங்கோ ஷெல் சத்தம் கேட்டால் சிரிப்பு நிற்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பத் தொடங்கும்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் பசை. கதிரையில் கம்பித் துண்டு. அலுமாரியைத் திறந்தால் நூற்பந்துகள் காலில் விழும்.

"ஒண்டைப் பிடிச்சு ஒழுங்காச் செய்யன்" என்பேன்.

"ஒண்டைத்தானே செய்யிறன், இந்த மாசம்" என்பாள்.

தொண்ணூற்றேழு மாசியில் எங்கள் ஒழுங்கையில் றேடியோ திருத்துகிற சோமசேகரத்தை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டில் வயர்ச் சுருளும் பற்றரிகளும் இருந்ததுதான் காரணம் என்று கதை. மூன்று மாதம் கழித்து விட்டார்கள். வந்த மனிதன் யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, விடிந்து ஏழு மணி இருக்கும். குணேஸ்வரி பல்கீஸின் வீட்டுக்கு வெள்ளனவே போய்விட்டாள். பின் வீட்டு யோகலிங்கம் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அண்ணை, சந்தியில ஆமி இறங்குது. சுற்றிவளைப்பு" என்று சொல்லிவிட்டு மறைந்தான்.

உள்ளே ஓடினேன். வீட்டைப் பார்த்தேன். கம்பிச் சுருள், குழாய்த் துண்டுகள், மெழுகுக் கட்டி, சவர்க்காரத்துக்கு வாங்கிய கோஸ்டிக் சோடா. வெளியாள் ஒருவனுடைய கண்ணால் பார்த்தால் எல்லாமே குண்டு செய்கிற சாமான்தான்.

சோடாவைக் கக்கூசுக் குழிக்குள் கொட்டினேன். கம்பியையும் குழாய்த் துண்டுகளையும் வாழையடியில் புதைத்தேன். பின்வளவில் குப்பை எரிக்கத் தோண்டிய கிடங்கு இருந்தது. அதில் மெழுகைப் போட்டு நெருப்பு வைத்தேன். அந்த அளவில் நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. திரும்பி உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். நூல், துணி, பாதி பின்னிய மேசை விரிப்பு, பல்கீஸ் தந்த பின்னல் மாதிரிப் புத்தகங்கள், காலில்லாத மயில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ப் போட்டேன்.

ஒன்பது மணிக்கு வந்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். கட்டிலுக்குக் கீழே குனிந்தார்கள். அலுமாரியைத் திறக்கக்கூட இல்லை. றேடியோவுக்கு மேல் இருந்த ஒரு பூ என் கண்ணுக்குத் தப்பியிருந்தது. வயதான சிப்பாய் ஒருவர் அதைத் தூக்கி, கம்பியைத் தடவிப் பார்த்தார்.

"யார் செய்தது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"என்ர மனிசி."

"நல்லா இருக்கு. என் அக்காவும் செய்யும்" என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் பாதை திறந்ததும் குணேஸ்வரி வந்தாள். பின்வளவில் சாம்பலைப் பார்த்தபடி நின்றாள்.

"எல்லாத்தையுமோ?"

"ஓம். பயத்தில..."

"கம்பியும் மெழுகும் சரி. நூலுக்கு என்ன பயம்?"

நூலை எரித்தது பயம் இல்லை. இரண்டு வருசமாக வீட்டை நிறைத்துக்கொண்டிருந்த குப்பையை ஒரேயடியாக ஒழிக்க ஒரு சாட்டுக் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். அள்ளிக்கொண்டு போனபோது மனதுக்குள் ஒரு ஆறுதல்கூட இருந்தது. அதை எப்படிச் சொல்வது?

அவள் சண்டை பிடிக்கவில்லை. குசினிக்குள் போய் உலை வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றையும் தொடவில்லை. கிழிந்த நுளம்பு வலையைத் தைப்பாள், சட்டைக்குப் பொத்தான் வைப்பாள், அவ்வளவுதான். மேசை துப்புரவாக இருந்தது. வீடு நான் ஆசைப்பட்டபடியே இருந்தது. அந்த வீட்டில் இருக்க எனக்கு ஏலவில்லை. கொழும்புக்கு வேலையாகப் போனபோது கொக்கி ஊசியும் நல்ல நூலும் வாங்கி வந்து கொடுத்தேன். "பிறகு பாப்பம்" என்று அலுமாரிக்குள் வைத்தாள். ஒரு நாள் பல்கீஸ் கட்டாயப்படுத்தினபோது குணேஸ்வரி சொன்னாள்: "புதுசா ஒண்டைக் கையில எடுத்தா, இதையும் எரிக்க வேண்டி வருமோ எண்டுதான் முதல்ல நினைக்கிறன். பிறகு எப்பிடிப் பழகிறது?"

இரண்டாயிரத்து ஆறில், யுத்தம் மறுபடியும் மூண்ட வருசம், சிறுநீரக வருத்தத்தில் அவள் போய்விட்டாள். கடைசி மாதத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து எத்தனையோ பழைய கதை கதைத்தேன். அந்தச் சனிக்கிழமையை மட்டும் எடுக்கவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து வீடு வெறித்துக் கிடந்தபோது பல்கீஸ் வந்தா. நான் முதன்முதலாக அவவிடம் சொன்னேன்.

"பயத்தில மட்டும் எரிக்கேல்ல. எனக்கு அலுத்துப்போச்சு, அதுதான்."

"அவக்குத் தெரியும் அண்ணன்" என்றா பல்கீஸ். "அடுத்த நாளே என்னட்டச் சொன்னவ. நீங்களே ஒரு நாளைக்குச் சொல்லுவீங்கள் எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தவ."

நான் எழும்பிப் போய் முகம் கழுவினேன். பல்கீஸ் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனா.